சுகுமாரியின் இடது விலா

பாறசாலை,
1954 செப்டம்பர் 19

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு லீலாபாய் எழுதுவது. எல்லாரும் சுகம் என்று தொடங்க இந்த முறை கை வரவில்லை. வள்ளியூரில் நீங்கள் ஒளிந்திருக்கும் வீட்டில் வேளாவேளைக்குச் சோறு கிடைக்கிறது என்று கடிதம் கொண்டுவரும் ராஜையா சொன்னான். நல்லது.

நம் பிள்ளைக்கு வந்திருப்பது அக்கி. போலீஸ்காரன் பீடியால் சுட்ட காயம் இல்லை. முதலில் இதைப் படித்துக்கொள்ளுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

போலீஸ் உங்களைத் தேடி வந்தது ஒரு திங்கட்கிழமை. அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள், என் தகரப்பெட்டியை உடைத்தார்கள், காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தையெல்லாம் சொன்னார்கள். பிள்ளையைத் தொடவில்லை. மறுநாள் சுகுமாரி இடது விலாவைப் பிடித்துக்கொண்டு எரிகிறது என்று அழுதாள். தோலில் ஒன்றும் தெரியவில்லை. சும்மா அழுகிறாள் என்று ஓர் அடியும் வைத்தேன். வியாழக்கிழமை முதுகிலிருந்து விலா வரை சிவந்து, கொத்துக் கொத்தாகக் கொப்புளம்.

போராட்டத்தில் உங்கள் கூட்டாளி நேசையன் அண்ணன் பார்த்ததும் பீடிச் சூடு என்றார். உங்களுக்கும் ஆள் அனுப்பினார். போலீஸ் வந்துபோன வீட்டில் வேறென்ன நினைப்பார்? அதை நான் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சரசம்மா மட்டும், "சூடும் இல்ல, அம்மையும் இல்ல மக்கா. ஒரு பக்கம் மட்டுந்தானே உண்டு, இது அக்கியாக்கும்" என்றாள். பானை வனையும் வேளாரிடம் தூக்கிக்கொண்டு போய், காவிமண் குழைத்துப் புண்ணின்மேல் அக்கி எழுதிக் கொண்டுவந்தாள். சபையார் அறிந்தால் ஏசுவார்கள் என்று தெரிந்தும் விட்டுவிட்டேன். பிள்ளை அன்றுதான் கொஞ்சம் தூங்கினாள்.

சனிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. போட்டோ எடுக்கும்வரை ஆஸ்பத்திரிக்குப் போகாதே, மருந்து எதுவும் போடாதே என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கையெழுத்துதானா என்று இரண்டு தடவை பார்த்தேன். போட்டோக்காரர் திங்கட்கிழமைதான் வந்தார். காவி இருந்தால் காயம் தெரியாது, ஈரத்துணியால் துடை என்றார் அண்ணன். நான்தான் துடைத்தேன். கொப்புளங்கள் துணியோடு உரிந்து வந்தன. அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் இந்தக் கை அதைச் செய்தது, அத்தான்.

அன்றே மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா அவள் முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டிக் காட்டினார். கொப்புளமெல்லாம் அந்தக் கோடு வரைதான், தாண்டி வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. சுட்ட காயம் இப்படி இடுப்புக்கயிறு மாதிரி வளைந்து வராது, அம்மை என்றால் உடம்பெங்கும் வரும் என்றார். மூன்று வயதில் இது அபூர்வம், முன்பு சின்னம்மை வந்ததா என்று கேட்டார். பிள்ளைக்கு வரவில்லை என்றேன். வயிற்றில் இருக்கும்போது உனக்கு வந்ததா என்றார். வந்தது. ஏழாம் மாதம், நீங்கள் கூட்டம் என்று போய் மூன்று வாரம் வராத சமயம். நீங்கள் திரும்பும்போது பொருக்கு உதிர்ந்திருந்தது. நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று பிள்ளைக்குள் போய்த் தங்கியதுதான் இப்போது அக்கியாகக் கிளம்பியிருக்கிறது என்றார். நாலு நாள் வைத்துப் பார்த்து, வேறெங்கும் கொப்புளம் வரவில்லை என்றானதும் அக்கிதான் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை அண்ணனிடம் காட்டினேன். மடித்து உள்ளே வை, யாருக்கும் காட்டாதே என்கிறார். பீடியால் சுட்டார்கள் என்று மனு தயாராக இருக்கிறதாம், தாய் கையெழுத்துப் போடவேண்டுமாம். போடமாட்டேன். நம் ஊர் திருவிதாங்கூரை விட்டுத் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று எனக்கு மட்டும் ஆசை இல்லையா? கவிழ்த்த அரிசியை எழுதுங்கள், உடைத்த பெட்டியை எழுதுங்கள், ஏசிய ஏச்சை எழுதுங்கள். கோர்ட்டிலும் வந்து சொல்கிறேன். பிள்ளையின் விலாவை எழுதாதீர்கள்.

புண் ஆறி வருகிறது. உரிந்த இடத்தில் தழும்பு நிற்குமாம். நேற்று அவள், அப்பா வந்தால் சட்டையைத் தூக்கச் சொல்லுவாரா என்று கேட்டாள். சொல்லமாட்டார் என்று சொல்லியிருக்கிறேன்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். பிள்ளையிடம் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
லீலாபாய்