எருமை இல்லாத வயல்

பக்கத்து வீட்டில் ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து டர்பன்டைன் வாசனை. தருமபுரமே நாறுவதாக என் மனைவி சலித்துக்கொள்கிறாள். எனக்கோ நீ வாசலில் வந்து நிற்பதுபோல இருக்கிறது. இரண்டு டீ போடச் சொல்ல வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

ஒரே படத்தை நாம் இருவரும் சேர்ந்து வரைந்த கூத்தை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். உனக்கு மாட்டின் கால் வராது. நீ போட்ட பசுவெல்லாம் பெஞ்சு மாதிரி நிற்கும். எனக்கு வானம் வராது. அதனால் நிலமும் வானமும் உன் பொறுப்பு, ஆடு மாடு என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் குரும்பகரத்து வரப்பில் உட்கார்ந்து நீ வயலை முடித்துக் கொடுப்பாய். நம் கடற்காற்றின் ஈரத்தில் எண்ணெய் வர்ணம் காயப் பத்து நாளாவது ஆகும். காய்ந்த பிறகுதான் நான் தூரிகையைத் தொடுவேன். அந்த விதியைப் போட்டவனும் நான்தான்.

கடைசிப் படத்தை நீ படுக்கையில் சாய்ந்தபடி ஞாபகத்திலிருந்து வரைந்தாய். அறுவடை முடிந்த வயல், மழைக்கு இருட்டிய வானம், ஓரத்தில் ஒரு குட்டை. அதில் எருமைகளுக்கு இடம் விட்டிருந்தாய். டாக்டர்கள் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று உன்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஈரத்துலயே போட்டுடுடா. கலங்குனா கலங்கட்டும். நான் ஒரு தடவ கண்ணால பாத்துடுறேன்" என்றாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வர்ணம் கலங்கிவிடும் என்றது வெறும் சாக்கு. அன்றே போட்டால், உனக்கு அடுத்த ஞாயிறு இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. வியாழக்கிழமை நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் மனைவி அந்தப் படத்தை என்னிடம் கொடுத்தார். "கதவு சத்தம் கேக்குறப்பல்லாம் நீங்கதானான்னு பாக்கச் சொன்னாங்கண்ணே. இன்னிக்கு எருமையப் போட வந்துடுவான்னே சொல்லிக்கிட்டிருந்தாங்க." அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் தேவலை.

படம் இப்போது நன்றாகக் காய்ந்துவிட்டது. அழுத்தினாலும் விரலில் ஒட்டுவதில்லை. எத்தனையோ தடவை அதன் முன்னால் உட்கார்ந்து எழுந்துவிட்டேன். யார் பார்ப்பதற்காகப் போடுவது? குட்டை காலியாகவே கிடக்கட்டும்.

இப்போதெல்லாம் வயலையும் வானத்தையும் தெரிந்த மட்டில் நானே போட்டுக்கொள்கிறேன், காய்வதற்குக் காத்திருப்பதில்லை. ஈரத்திலேயே மாட்டைப் போட்டுவிடுகிறேன். கால்கள் சேறாகக் கலங்கிவிடுகின்றன, நன்றாக இல்லைதான். ஆனால் பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும் அன்றைக்கே காட்டிவிடுகிறேன். உனக்கு மட்டும்தான் காட்டவில்லை.