மூன்றாம் துண்டில் நான் அளந்தது

அன்பு மகள் கலாதேவிக்கு, அம்மா சொல்லத் தங்கை துளசி எழுதுவது. இங்கே வீட்டில் ஆளும் மாடும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஆஸ்திரேலியாவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கித் தெம்பாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் எங்களுக்குப் பொழுது போகிறது. எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, கையுறைத் தொழிற்சாலையில் பகல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். குனோங் ராபாட்டில் உன் சித்தி வீட்டுக் கூரை போன மழையில் ஒழுகி மெத்தை எல்லாம் நனைந்துபோனதாம். புள்ளி மாடு கிடேரி போட்டது, அப்பா அதற்கு உன் பெயரையே வைத்துக் கூப்பிடுகிறார், கோபித்துக்கொள்ளாதே. வெறும் மெகி நூடுல்ஸைத் தின்றுவிட்டுப் படுக்காதே, வாரம் ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை. அடுத்த மாதம் நீ பெரிய பெரிய பேராசிரியர்கள் முன்னால் நின்று நம்முடைய புல்லைப் பற்றிப் பேசப் போகிறாய் என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அக்கா, கடைசியில் போட வேண்டிய ஆசியைத் தவிர அம்மா சொன்னது இதோடு சரி. அம்மா தூங்கிவிட்டார், இனி நானாக எழுதுகிறேன். அப்பா கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கிறார், நான் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், தாளை மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருந்தால் பார்த்துப் படித்துக்கொள். உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் புல்லை அளந்து எழுதிக் கையெழுத்திட்ட அசல் தாள்கள்தான் வேண்டும் என்பதால், அப்பா காலையில் பள்ளிக்குப் போகிற வழியில் இந்த உறையைப் பத்து காஜா டவுன் தபால் நிலையத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஆறு மாதத் தாள்களும் உள்ளே இருக்கின்றன. அந்த ஆறையும் நம்பாதே அக்கா, அவை பொய்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். இரண்டு வருஷத்துக்கு முன் நீ விடுமுறைக்கு வந்தபோது, பழைய பால்மரத் தோட்டத்தில் நம் மாடு மேய்கிற நிலத்தைக் கம்பி கட்டி மூன்று துண்டாகப் பிரித்தாய். மாடு விரும்பித் தின்னாத லாலான் புல்லும் செம்மண்ணுமாகக் கிடந்த மூன்றாம் துண்டில் நாற்பது நாளைக்கு ஒரு தடவைதான் மாடு இறங்கலாம், அப்போதுதான் நல்ல புல் வேர்பிடிக்கும் என்றாய். அங்கே சிவப்புச் சாயம் பூசிய இரும்புக் குச்சியை அடித்து இறக்கி, மாதம் ஒரு தடவை இங்கே நின்று படம் எடு, பைப்பில் செய்த சதுரச் சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை வீசு, விழுந்த இடத்தில் புல் எவ்வளவு, லாலான் எவ்வளவு, வெறும் மண் எவ்வளவு என்று எழுது, உன் வேலை அவ்வளவுதான் என்றாய். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் செய்தேன்.

இந்த வருஷம் பிப்ரவரி பிறந்ததிலிருந்து ஐந்து வாரம் ஒரு சொட்டு மழை இல்லை, முதல் இரண்டு துண்டும் கருகிவிட்டன. அப்பா மூன்றாம் துண்டின் கம்பியை அவிழ்த்து முப்பத்தொரு மாட்டையும் உள்ளே விட்டார். ரெண்டு நாள்தான்லா, அக்காகிட்ட போய் ஊதிக்கிட்டு இருக்காதே என்றார். இரண்டு நாள் ஒரு வாரம் ஆனது, பிறகு மழை வந்தும் கம்பியைத் திரும்பக் கட்டவே இல்லை. மாட்டு வாய் படாமல் புல் எப்படி வளர்கிறது என்று பார்க்க நீ வைத்த கம்பிக் கூண்டைக்கூடத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த புல்லை அறுத்துச் சினைமாட்டுக்குப் போட்டார். ஏப்ரலில் அளந்துவிட்டு வந்தபோது படித்துக் காட்டச் சொன்னார். வெறும் மண் நூற்றுக்கு அறுபத்திரண்டு என்றேன். அப்போ நாம வாங்குனது முப்பத்தெட்டுதானா, அக்கா பெயிலாயிடுவாளா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இது மார்க் இல்லப்பா, நிலம் எப்படி இருக்கோ அப்படியே எழுதணும்னு அக்கா சொல்லிருக்கு என்றேன். அப்பா சிரிக்கவில்லை. மோசம்னு எழுதி அனுப்புனா அவளுக்கு எதுக்குடி உதவித்தொகை கொடுப்பான், நீ சொல்லு பார்ப்போம் என்று அந்தத் தாளைக் கிழித்துவிட்டார்.

மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் சிவப்புக் குச்சி ஓடையோரமாக நிற்கிறது. அங்கே எந்த வெயிலிலும் ஈரம் காயாது, எப்போதும் பச்சை. பின்னால் அதே சுண்ணாம்பு மலைதான் தெரியும் என்பதால் படத்தைப் பார்த்து நீ கண்டுபிடித்திருக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தை எடுத்தேன். கண்ணைத் தொறந்து வீசு, எங்க பச்சையோ அங்க வீசு என்றார் அப்பா. வீசினேன் அக்கா, ஆறு மாதமும் வீசினேன். எழுதும்போது நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்பார். ஜூலையில் நீ வீடியோவில் வந்து, துளசி, நீ இல்லாட்டி எனக்கு இந்தப் படிப்பே இல்லடி என்றாயே, அப்போது போன் அப்பா கையில் இருந்தது, அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஆமாக்கா என்றேன். ஒரு நாள் துணிந்து, அக்காவிடம் சொல்லிவிடலாமா அப்பா என்று கேட்டுவிட்டேன். சட்டத்தைக் காலால் மிதித்து உடைத்தார், உன் வாயால அவ படிப்பு நின்னுச்சுன்னா நீயும் பள்ளிக்கூடம் போக வேணாம், மாட்டுக்குப் பின்னால போ என்றார். மறுநாள் அவரே புது பைப் வாங்கி வெட்டி ஒட்டி, மூலையெல்லாம் தேய்த்து, என் மேசைமேல் வைத்திருந்தார். திட்டியதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, இனி இதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று தெரியவில்லை.

இன்னும் சொல்லாமல் இருந்திருப்பேன். ஆனால் பக்கத்தில் மாடு வளர்க்கும் ஜெயபாலன் மாமா அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், சீனி அண்ணே, உங்க மக முறையில முப்பத்தொண்ணு மாடு தாங்குதுன்னா என் நிலம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு என்று தாப்பா ஊரில் பன்னிரண்டு கிடேரி வாங்கப் பேசி முடித்துவிட்டார். அப்பா அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அவர் நிலம் நம்முடையதைவிடச் சரிவு. போன வார மழையில் நம் மூன்றாம் துண்டிலிருந்து இறங்கிய தண்ணீர் பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் ஓடியது. நீயும் அங்கே எழுந்து நின்று இத்தனை மாடு தாங்கும் என்று சொல்லிவிட்டால், சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருக்கிறவர்கள் எல்லாம் அதையே செய்வார்கள்.

அப்பா சனிக்கிழமைகளில் ஈப்போவுக்குப் பால் கொண்டுபோகும் நேரத்தில் நான் பழைய இடத்துக்குப் போவேன். குச்சியைப் பிடுங்கிய குழி அப்படியே இருக்கிறது, ஒரு கல்லை வைத்து மூடியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை வீசி, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வந்தேன், இன்றைக்கு அவற்றை வேறு ஆறு தாளில் எடுத்து எழுதி உறையில் வைத்திருக்கிறேன். செப்டம்பரில் வெறும் மண் எழுபத்தொன்று. போன வருஷம் இதே செப்டம்பரில் முப்பத்தைந்துக்கு இறங்கியிருந்தது, போனில் நீ சந்தோஷத்தில் கத்தினாய். உன் முறை தப்பே இல்லை அக்கா, நாங்கள்தான் அதை நடுவில் விட்டுவிட்டோம்.

அப்பாவைக் கூப்பிட்டுச் சண்டை போடாதே, படிப்பைப் போட்டுவிட்டு விமானம் ஏறியும் வந்துவிடாதே. முதலில் ஜெயபாலன் மாமாவிடம் பேசு, தீபாவளி முடிந்ததும் மாட்டை இறக்கப் போகிறார், மறந்துவிடாதே. நான் சொன்னதாகச் சொல்லாதே என்றுதான் இங்கே எழுத வந்தேன். ஆனால் ஒவ்வொரு தாளின் அடியிலும் அளந்தவர் என்று ஓர் இடம் இருக்கிறதே, இதுவரை அப்பாதான் அதில் கையெழுத்துப் போட்டார். நான் உண்மையை எழுதிய இந்த ஆறு தாளில் அவர் பெயரை எழுத முடியாது, வெறுமையாக விட்டால் உங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் பேனாவால் என் பெயரையே எழுதிவிட்டேன். அப்பா கேட்டால் காட்டிவிடு.

எழுந்து நின்று பேசுகிற இடத்தில் உன் நாக்குத் தடுமாறாமல் இருக்கட்டும், எதிரில் இருக்கிறவர்கள் உன்னை மதிக்கட்டும் என்று அம்மா முன்னமே சொல்லி எழுதச் சொன்ன ஆசியுடன் முடிக்கிறேன்.

அளந்தவர்,
துளசி த/பெ சீனி