டம்ளருக்குப் பக்கத்தில்

அன்பு மகளே,

அப்பாவின் கண்ணில் பழுதில்லையாம். மூளைத்தண்டில் ரத்தம் அடைத்து, கண்ணை அசைக்கும் நரம்பு கெட்டுவிட்டது. இடப்பக்கம் பார்த்தால் வலது கண் கூடவே வருவதில்லை. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. இனிச் சரியாகாது என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்.

"ஒருத்தியவே சமாளிக்க முடியல, இப்ப ரெண்டு பேரா வந்து நிக்கறே" என்று முதலில் சிரித்தார்.

நேற்று, தலைவலி வந்ததுபோல ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, "இப்ப ஒண்ணாத்தான் தெரியுது. லாரிய எடுத்துடலாம்" என்றார். நான் நகர்ந்ததும் கையை எடுத்துவிட்டு, டம்ளருக்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பிடித்தார்.

வீட்டுக் கணக்கில்கூடப் பொய் எழுதாதவள் நான். அவர் காதில் விழும்படி கடவுளுக்குச் சத்தமாக நன்றி சொன்னேன்.

நீ வரும்போது, ஒருத்தியாகத்தான் தெரிகிறாய் என்பார். நம்பிவிடு.

உன் அம்மா