பாலத்துக்கு அப்பால் பிரிக்காத தாள்கள்

என் காதருக்கு, இனி பதில் போடமாட்டாய் என்று தெரிந்தும்,

நம் வாசகசாலையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தெப்பக்குளத்துச் சத்தம் ஜன்னல் வழியாக வருகிறது. உன் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. காய்ச்சல் என்று லீவு சொல்லி அனுப்பியவன் அப்படியே கண்ணை மூடிவிட்டாய். அதுவே இன்னும் எனக்கு விளங்கவில்லை. அதற்குள் இன்னொன்று.

அந்தச் சிவப்பு அட்டை நாவல்.

உனக்குத் தெரிந்ததை இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வாசகசாலைச் சிப்பந்திகளான நம்மில் ஒருவர், தமக்குப் பிடித்த புத்தகம் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, வந்திருப்பவர்கள் முன் அதைப் பற்றிப் பேசவேண்டும். நான் பேசினால் பாதிப் பேர் வெற்றிலை போடப் போய்விடுவார்கள். நீ பேசினால் படிக்கட்டு வரை நிற்பார்கள்.

அந்த நாவலைச் சொன்னாயே. ஓர் இளம் விதவை. ஆற்றங்கரை ஊர். விடியற்காலையில் வீட்டை விட்டு இறங்கிப் பாலத்தில் கால் வைக்கிறாள். அங்கே நிறுத்திவிட்டு, "மிச்சம் அடுத்த வாரம் வாங்க, சொல்றேன்" என்று சிரித்தாய். அடுத்த வாரம் முடித்தாய். பாலத்தைத் தாண்டுகிறாள். ரயிலேறிப் பட்டணம் போகிறாள். படித்து வாத்தியாரம்மா ஆகிறாள்.

பிறகு ஊரில் பாதிப் பேர் அதை எடுத்துப் போனார்கள். சனிக்கிழமை தவறாமல் வரும் வக்கீல் அதைத் திருப்பித் தரும்போது மேஜையைத் தட்டி, "முடிவுதான் பிரமாதம், ஓய்! கண்ணுல ஜலம் வந்துடுத்து" என்றார்.

அந்த முடிவை நான் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். சமையலறையில் கோதையிடம் சொன்னேன். என் தங்கை. புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது.

"தாண்டிட்டாளா, அண்ணா? நெஜமாவா?"

அந்த வருஷமே கோதை கிளம்பினாள். "கதையைக் கேட்டுட்டு எவளாவது ரயிலேறுவாளோ?" என்று அப்பா கத்தினார். ஏறினாள். பட்டணத்தில் வாத்தியார் டிரெயினிங் ஸ்கூலில் சேர்ந்தாள். அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை.

போன வாரம் லீவுக்கு வந்தவள், "அந்தப் புஸ்தகத்தை எடுத்துண்டு வாயேன், அண்ணா. ஒரு தடவை என் கண்ணாலே படிக்கணும்" என்றாள்.

எடுத்தேன்.

காதர், பாலத்துக்கு அப்பால் தாள்கள் பிரிக்கப்படவே இல்லை.

ஓரம் வெட்டாமல் கட்டிய பதிப்பு அது. தாள்கள் மடிப்போடு இருக்கும். படிக்கிறவர்தான் கத்தியால் பிரித்துக்கொண்டே போகவேண்டும். உன் கத்தி பாலம் வரை வந்திருக்கிறது. அதற்கு மேல் எல்லாம் மூடியே கிடந்தது. நீ படிக்கவில்லை. வக்கீல் படிக்கவில்லை. எடுத்துப் போனவர் ஒருவர்கூடப் படிக்கவில்லை.

உன் கத்தி மேஜை டிராயரிலேயே இருந்தது. நின்றபடியே பிரித்தேன். நின்றபடியே படித்தேன்.

பாலத்தின் நடுவில் நின்றுவிடுகிறாள். திரும்புகிறாள். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிறாள். நாவல் முடிந்துவிட்டது.

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. இல்லாத முடிவை நம்பியா என் தங்கை போனாள்? ஏன் அப்படிச் சொன்னாய்? மீதியைப் படிக்க அலுப்பா?

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அந்த இரண்டு சனிக்கிழமைக்கும் நடுவில்தான் கோதையைப் பற்றி உன்னிடம் சொன்னேன். மலைக்கோட்டை வாசலில், காப்பிக் கிளப்பில். நீ ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "தங்கச்சிக்குப் படிப்பு வருமா, சாமி?" என்று மட்டும் கேட்டாய்.

சும்மா பேச்சுக்குக் கேட்டாயா, இல்லை அவளுக்காகத்தான் அந்த முடிவைக் கட்டினாயா? இதை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

புத்தகம் காணோம் என்று சொல்லிவிடலாமா என்று வீட்டுக்குப் போகும் வழியில் காவேரிப் பாலம் முழுக்க யோசித்தேன். முடியவில்லை. கொடுத்துவிட்டேன். கோதை கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு ஒரே மூச்சில் படித்தாள்.

"அண்ணா, இவ திரும்பிட்டாளே."

எல்லாவற்றையும் சொன்னேன். தாள்களின் புது ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அவர் இதைப் படிக்கவே இல்லையா?"

"இல்லை."

"நல்ல வேளை."

சொல்லிவிட்டு அழுதாள். உனக்காக, காதர். உன் முகத்தைக்கூடப் பார்த்திராதவள்.

அழுகை கேட்டு அப்பா எட்டிப்பார்த்தார். "என்ன புஸ்தகம் அது?" அவளிடம்தான் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்ப்பா. கடைசியிலே திரும்பி வந்துடறா." அப்பா வாங்கவில்லை. நகரவும் இல்லை.

இந்தச் சனிக்கிழமை என் முறை. சிவப்பு அட்டையைத்தான் எடுக்கப்போகிறேன். அச்சில் உள்ள முடிவைச் சொன்னதும் வக்கீல் எழுந்து, "தப்பு ஓய், நான் படிச்சிருக்கேன்" என்பார். சொல்லட்டும். உன் முடிவையும் சொல்வேன். அது உன்னுடையது என்று உன் பெயரைச் சொல்லியே சொல்வேன். கோதையும் வருகிறாளாம். முன் பெஞ்சில் உட்காருவாளாம்.

யார் எழுந்து வெற்றிலை போடப் போனாலும் சரி, காதர். பாலம் வந்ததும் நிறுத்தமாட்டேன்.

நீ தங்கச்சி என்று சொன்னவளின் அண்ணன்,
அதனால் உனக்கும் உடன்பிறந்தவன்,
வரதன்