செயலாளரின் இடக்கண்

கல்முனைக்குடி,
06.07.2025

அன்புள்ள மீனாம்பிகை அக்கா அறிய ஹாஜறா எழுதிக்கொள்வது.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் நம் கண் ஆஸ்பத்திரியும் உங்கள் மகள் வினோஜாவும் சுகம். கனடாவில் நீங்களும் மகன் சசிகரன் குடும்பத்தாரும் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி? மாடிப்படி ஏறும் வீடு என்று எழுதியிருந்தீர்கள். சசிகரனிடம் சொல்லிக் கீழ் அறைக்கு மாறிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

எழுத்து பெரிதாகவும் வரிகள் கோணலாகவும் இருப்பதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கடையில் கிடைத்த பேனா தடிப்பு.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் உங்கள் கடிதம் வந்தது. போனில் கதைக்காமல் எழுதியது நல்லதாகப் போயிற்று. போனில் என்றால் நீங்கள் அழுவீர்கள், நான் சத்தம் போடுவேன், கடைசியில் இருவரும் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுவோம். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வினோஜா கனடாவுக்கு வர எல்லாம் சரிவந்துவிட்டது, அவள்தான் மறுமொழி சொல்லாமல் இழுக்கிறாள், என் சொல்லைக் கேட்பாள், ஆகையால் அவளை வெளிக்கிடும்படி நான் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை அங்கே, ஒரு பிள்ளை இங்கே என்று நீங்கள் படும் பாட்டை நான் அறிவேன். அழகரெத்தினம் மாஸ்டர் காலமான பிறகு நீங்கள் காரைதீவு வீட்டைப் பூட்டிய அன்று சாவியை என் கையில்தான் தந்தீர்கள்.

ஆனாலும் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் பெருநாள் வேலையைப் பார்க்கப் போனேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். கிழமையில் ஐந்து நாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டு, சனியும் ஞாயிறும் நம் ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் வாங்காமல் சத்திரசிகிச்சை செய்கிறாள் அவள். அவளைத் தவிர எங்களிடம் வேறு நிபுணர் இல்லை. அவள் வருவதற்கு முன் கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை வருவதாகச் சொன்னவர்கள் மழை என்றாலும் வரவில்லை, வெயில் என்றாலும் வரவில்லை. அவள் போனால் ஒப்பரேஷன் தியேட்டர் கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியின் இருபதாவது வருஷ மலருக்கு வரலாறு எழுதித் தரும்படி றமீஸ் என் தலையில் கட்டிவிட்டார். இந்த வருஷம் அவர்தான் தலைவர். “கல்முனைக்குடி நெல் ஆலை உரிமையாளர் ஜவுபர் ஹாஜியாரும் காரைதீவு ஆசிரியர் அழகரெத்தினம் அவர்களும்” என்று தொடங்கினேன். நம் இருவர் வீட்டுக்காரர்களையும் பற்றி இவ்வளவு மரியாதையாக எழுத எனக்கே சிரிப்பு வந்தது. ஒரு சீமெந்து மூடையை எங்கே இறக்குவது என்பதற்கே ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடித்த மனிதர்கள்.

சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்து முகாமில் மாஸ்டர் கண்டதை எழுதினேன். காணாமற்போனவர்களின் பெயர்களைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். வயதானவர்கள் அதன் முன் நின்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கண்ணாடிகளைக் கடல் கொண்டு போயிருந்தது. கண்ணாடி கொடுக்கத்தான் இருவரும் முதலில் சேர்ந்தார்கள். கண்ணைச் சோதித்தபோதுதான் பாதிப்பேருக்குக் கண்புரை, கண்ணாடியால் ஆகாது என்று தெரிந்தது. ஹாஜியார் ஆலையில் நெல் அடுக்கும் கட்டடத்தைக் காலி பண்ணிக் கொடுத்தார். தவிட்டு மணம் போக நீங்களும் நானும் எத்தனை தரம் கழுவினோம் என்பதை மலரில் எழுதவில்லை. அதை யாரும் நம்பமாட்டார்கள்.

அவர்கள் வைத்த ஒழுங்குகள் இன்றும் அப்படியே நடக்கின்றன. தலைவர் கல்முனைக்குடி என்றால் பொருளாளர் காரைதீவு, மறுவருஷம் மாறும். யாருடைய பெயரையும் சுவரில் எழுதுவதில்லை. பிறகு நோயாளிகள் வரிசையாக இருக்கும் அந்த இரண்டு வாங்குகள். முதல் வருஷத்தில் ஒரு மனுசிக்கு மருந்து விடப்போன தாதி மாற்றுக் கண்ணில் விட்டுவிட்டாள். அடுத்த நாளே மாஸ்டர் வலக்கண் செய்பவர்களுக்கு ஒரு வாங்கு, இடக்கண் செய்பவர்களுக்கு ஒரு வாங்கு என்று போடுவித்தார். ஊரில் முஸ்லிம் பக்கமும் தமிழ்ப் பக்கமும் முகம் பார்க்காமல் இருந்த நாட்களிலும் நம் ஆஸ்பத்திரியில் எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை. எந்தக் கண் என்றுதான் கேட்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேனா தடிப்பு என்று எழுதியது பொய். என் இடக்கண்ணில் புரை முற்றிவிட்டது, வலக்கண்ணையும் பாதிக்குமேல் மூடிவிட்டது. இரண்டு வருஷமாக மறைத்து வைத்திருக்கிறேன். கடிதங்களை அலுவலகத்துப் பிள்ளை ஹப்ஸாவைக் கொண்டு வாசிக்க வைப்பேன். சத்தமாக வாசித்தால்தான் நிர்வாகம் பழகும் என்று அவளுக்குப் புத்தி வேறு சொல்வேன். ஆட்களை நடையிலும் குரலிலும் கண்டுபிடித்துவிடுவேன். கண் ஆஸ்பத்திரிச் செயலாளருக்குக் கண் தெரியவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும் என்ற வெட்கம்தான் முதலில் இருந்தது.

பெருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை பிடிபட்டேன். தியேட்டர் வாசலில் யாரோ பச்சை உடுப்போடு நீண்டநேரம் நிற்பதாகத் தெரிந்தது. “என்னகா வாசல மறிச்சிக்கிட்டு நிக்கிறீங்க, வந்து இரிங்க” என்றேன். அசையவில்லை. மரியாதை தெரியாதா என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். பின்னாலிருந்து வினோஜா, “மாமி, அது ஆணியில தொங்கிற கவுன்” என்றாள். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சோதிக்கும் கருவிக்கு முன் கதிரையில் இருத்தி, நாடியை வைக்கச் சொன்னாள். பார்த்து முடித்துவிட்டுக் கருவியின் விளக்கை அணைத்தாள். பிறகு, அடுத்த சனிக்கே செய்வோம் என்றாள்.

நான் அடுத்த சனி வேண்டாம், மலர் வேலை முடியட்டும் என்றேன். பிறகு நெல்லு வெட்டு முடியட்டும் என்றேன். நெல்லு வெட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டாள். அந்த நேரம் அன்னப்பிள்ளை அங்கே இருந்தா. உங்களுக்குத் தெரியும், காரைதீவில் உங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை. கண்ணகை அம்மன் கோயில் குளுத்திச் சடங்கு முடிந்தபிறகுதான் கண்ணைச் செய்வேன் என்று நாள் தள்ளினதற்கு நான் அவவைக் கண்டபடி ஏசியிருந்தேன். “எனக்கு என்ன ஏச்சு ஏசினீங்க ஹாஜறா, நானாவது அம்மனச் சாட்டினன்” என்றா.

அதற்குமேல் உங்கள் கடிதத்தையும் மறைத்து வைக்க மனம் வரவில்லை. அன்று பின்னேரமே வினோஜாவை இருத்தி நீங்கள் கேட்டபடி சொன்னேன். அம்மா உன்னைப் பிரிந்து கவலைப்படுகிறா, போகத்தான் வேண்டும் மகள் என்று சொன்னேன். சத்தியமாக ஒரு சொல்லும் குறைக்கவில்லை. அவள் கேட்டுவிட்டு, “அம்மாக்கு எழுதுங்க மாமி, உங்கட கண்ணைச் செய்யாம நான் எங்கயும் போகமாட்டன். செய்துபோட்டு மறுகா யோசிப்பம்” என்றாள்.

அக்கா, அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களுக்கு எப்படி எழுதுவது. என் கண் இருட்டாக இருக்கும்வரை பிள்ளை இங்கே இருப்பாள். இதைவிட லேசான வழி யாருக்குக் கிடைக்கும்?

நான் மட்டும் அப்படி நினைக்கவில்லை. இந்தக் கதை எப்படியோ நிர்வாக சபைக்குப் போய்விட்டது. அடுத்த கூட்டத்தில் மற்ற அலுவல்கள் முடிந்தபிறகு றமீஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மாமி, கோவிக்காதீங்க. உங்கட கண்ண கொஞ்ச நாளைக்கு அப்படியே வெச்சிரிங்க. அது இரிக்கிறவரைக்கும் டொக்டர் புள்ள போகமாட்டா” என்றார். காரைதீவுப் பொருளாளரும், ஆஸ்பத்திரிக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்க என்றார். ஒருவரும் எதிர்க்கவில்லை. எல்லா விஷயத்திலும் இரண்டாகப் பிரிந்து நிற்கும் சபை, என் கண்ணைக் குருடாக வைத்திருப்பதில் மட்டும் ஒற்றுமையாகிவிட்டது. நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இந்த ஆஸ்பத்திரியில் நான் இருந்த காலத்தில் இப்படியொரு கூட்டம் நடக்கவில்லை.

போன கிழமைவரை அந்த எண்ணத்தில்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகைக்குத் தாதி போயிருந்தா. முதல்நாள் கண் செய்து அன்று காலையில் கட்டவிழ்த்த மீன்காரர் ஒருவர் வார்ட்டில் இருந்தார். நெற்றி நிலத்தில் படாமல் என்ன தொழுகை என்று அவருக்கு வருத்தம். கொஞ்ச நாளைக்குக் குனியக்கூடாது, ஸுஜூதைத் தலை அசைத்துச் செய்யலாம், கதிரையில் இருந்து தொழுங்கள் என்று அவருக்கும் வழக்கம்போல விளங்கப்படுத்தினேன். சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டது என்றார். இருபது வருஷம் பார்த்த வேலைதானே என்று போத்தலை எடுத்தேன். ஹப்ஸா ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். அது கண்ணுக்கு விடும் மருந்தே அல்ல. கருவிகளைத் துடைக்கும் திராவகம்.

அவர் கண்ணில் ஒரு துளியும் விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அவருக்கு நடந்தது தெரியவும் தெரியாது. தெரியாமல் விடலாமா என்று யோசித்து, பின்னேரம் நானே போய் அவரிடம் சொன்னேன். அவர், ஒண்டும் ஆகல்லத்தானே என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். நான் தொழும் அறைக்குள் போய் இருந்து அழுதேன். உங்கள் மகளை இங்கே பிடித்துவைக்க என் கண்ணை நான் மூடிவைத்தேன், அந்தக் கண்ணுக்கு இன்னொருவருடைய கண்ணை விலையாகக் கொடுக்கப் பார்த்தேன். மாஸ்டரும் ஹாஜியாரும் இருந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள்.

எழும்பி நேரே வினோஜாவிடம் போனேன். நாள் வைக்கச் சொன்னேன். ஓகஸ்ட் பதினாறு, சனிக்கிழமை, முதல் ஆள் நான். ஏன் அவ்வளவு தள்ளி என்று கேட்டாள், திரும்பவும் சாட்டா என்றாள். சாட்டு இல்லை, உன் அம்மா வர நாள் வேண்டுமே என்றேன். அம்மா வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கு நான் அந்தக் கட்டிலில் படுத்தே ஆக வேண்டும் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டாள். சபையிடமும் சொல்லிவிட்டேன். றமீஸ் முகம் தொங்கிப்போனதாக ஹப்ஸா சொன்னாள், எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. மட்டக்களப்பில் பயிற்சி முடிக்கப்போகும் இன்னொரு கண் டொக்டர் பிள்ளையை, நம் ஆஸ்பத்திரியை வந்து பார்க்கும்படி கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை வருவதாகச் சொல்லியிருக்கிறா. வினோஜா அவவுக்குத் தானே எல்லாம் பழக்கித் தருவேன் என்கிறாள். ஒருவர் போனால் பூட்டுகிற கதவாக அதை வைத்திருந்தது எங்கள் பிழை, அவளுடைய பிழை அல்ல.

இந்தக் கடிதத்தை றமீஸின் தம்பி கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் செவ்வாய்க்கிழமை டொரண்டோவுக்குப் பயணம். இதோடு கொஞ்சம் மாசிக் கருவாடும் வைக்கிறேன். முழங்காலுக்கு ஆகாது என்று சசிகரன் சொன்னால் அவனுக்குக் காட்டாமல் சாப்பிடுங்கள்.

அக்கா, எனக்காக ஒரேயொரு தரம் வாருங்கள். நீங்கள் போன பிறகுதான் அவள் நிபுணராகி இங்கே வந்தாள். அவள் வேலை செய்வதை நீங்கள் பார்த்ததில்லை. தியேட்டர் கதவடியில் ஒருநாள் இருங்கள். காலையில் கட்டவிழ்க்கும்போது அந்தச் சனங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள், அதையும் பாருங்கள். பார்த்தபிறகும் கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும் என்று உங்கள் மனம் சொன்னால், அவளுடைய பெட்டியை நானே அடுக்கித் தருகிறேன். மறுபேச்சுப் பேசமாட்டேன்.

இன்னொன்று. இதை அவளிடம் சொல்லவில்லை, உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். அவள் வந்து இரண்டு வருஷமாகிறது. குரல் தெரியும், நடை தெரியும், கையின் சூடு தெரியும். டொக்டராகி வந்த அவளுடைய முகத்தை நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. மாஸ்டரின் சாயல் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். போவதானாலும் இருப்பதானாலும், முதலில் நான் அவளைப் பார்க்க வேண்டும் அக்கா.

உங்கள் காலுக்கும் வழிக்கும் இறைவன் துணையாக இருப்பானாக.

என்றும் உங்கள் தங்கச்சி,
ஹாஜறா