பாறைமேல் நின்றவன்

தென்காசி
1961, ஆனி மாதம்

சிங்கப்பூரில் இருக்கும் மகன் செய்யது மசூதுக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதச் சொன்னது. நீயும் உன் பெண்டு பிள்ளைகளும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சாரல் பிடித்துவிட்டது, குற்றாலத்தில் நல்ல கூட்டம், தறியில் நூல் காய மாட்டேன் என்கிறது, உன் உம்மாவுக்கு மூச்சிரைப்பு விடவில்லை, மற்றபடி சுகம்தான். எழுதுவது உன் மாமி மகள் ஷரீபுன்னிசா, நான் சொன்னதை மாற்றாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நீ கொடுத்துவிட்ட வர்ணம் தீட்டிய படத்தை அங்கிருந்து வந்த அப்துல் மஜீது கொண்டுவந்து தந்தார். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரனிடம் வாங்கியது, பாறையும் கடலும்தான், உயிருள்ள உருவம் எதுவும் இல்லை, தொழுகிற அறையில்கூட மாட்டலாம் என்று எழுதியிருந்தாய். நீ சரியாகப் பார்க்கவில்லை. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, கண் தெரியும். ஓரத்தில் ஒரு பாறைமேல் நகத்தளவுக்கு ஒரு ஆள், கருநீலச் சட்டையோடு, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். மாட்டிய உடனே உன் உம்மா, இது நம்ம மசூதுல்லா, ரயிலேறுன அன்னைக்கி இந்தச் சட்டைதான போட்டிருந்தான் என்றாள். அன்று நீ போட்டிருந்தது வெள்ளைச் சட்டை, பையில் மைக்கறை. சொன்னேன், அவள் கேட்கவில்லை. கடலையே பார்க்காதவள் அந்த அலையைப் பார்த்து, ஐந்தருவி வெள்ளம் மாதிரில்லா வருது, பின்னால தள்ளி நில்லுலே என்று தினமும் அவனோடு பேசுவாள்.

உருவம் இருக்கிற அறையில் தொழக் கூடாது, தலையை மட்டும் சுரண்டிவிட்டால் போதும் என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். நான் கத்தியை எடுத்தால், எம் பிள்ள கழுத்துலயா கத்திய வைக்கியோ என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு நாங்கள் அடுப்படியில்தான் தொழுதோம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருவேன் என்று எழுதினாய், அவள் மாவு இடித்து வைத்தாள். முந்தின நாள் உன் காகிதம் வந்தது, கடையை விட்டு வர முடியாதாம். தங்கச்சி நிக்காஹ்வுக்கும் கடைதான், உன் பாட்டையா மௌத்தாகி அடக்கம் செய்தபோதும் கடைதான். ஷரீபு வாசித்து முடித்தாள், உன் உம்மா எழுந்தாள். உள்ளே போய் வெங்காயம் நறுக்குகிற கத்தியை எடுத்துவந்து தலையைச் சுரண்டினாள், அதோடு நிறுத்தாமல் கால்வரை சுரண்டினாள். மூச்சு இரைக்கு, மிச்சத்த நீங்க சொரண்டுங்க என்று கத்தியை என் கையில் தந்தாள். இப்போது அங்கே வெறும் பாறைதான். அந்த அறையிலேயே தொழுகிறோம், ஒரு தடையும் இல்லை.

இனி ஆள்வசம் எதுவும் கொடுத்துவிடாதே. மழையில் நனையாதே, பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், உன் கடைசிக் காலத்தில் பெருநாள்தோறும் உன் பிள்ளைகள் உன் பக்கத்தில் இருக்கட்டும். உம்மாவுக்கென்று தனியாக எழுதாதே. வாசித்தால் எழுந்து போய்விடுகிறாள்.

இப்படிக்கு,
வாப்பா கோதர் மைதீன்
(கைநாட்டு)