கோடையில் எடுத்த படம்

குன்னம்
12.11.1988

அன்புள்ள வேணு,

நம் ஏரியைச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு விட நான் சம்மதித்துவிட்டதாக ஊரில் பேசுகிறார்கள். நான் யாரிடமும் சம்மதம் சொல்லவில்லை.

நேற்று அரியலூரில் அதிகாரிகள் கூட்டம் நடத்தினார்கள். சுரங்கத்துக்குக் கடன் தருவது ஜெனீவாவில் நீ வேலை பார்க்கும் சர்வதேசச் சபைதானாம். திரையில் ஒரு படம் காட்டினார்கள். வறண்ட தரை, மண் அள்ளும் மாட்டு வண்டிகள். யாருக்கும் பயன்படாத பாழ் நிலம் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி இருந்தது. நம் வண்டிக்காரர் கொளஞ்சி எழுந்து, "போட்டோவுல நான் நல்லாத்தாங்க இருக்கேன். ஏரியத்தான் காணோம்" என்றார். சிரித்தார்கள். படம் யார் எடுத்தது என்று கேட்டேன். "உங்க மகன் அனுப்புனதுதாங்கம்மா, அதான் நீங்களும் சம்மதம்னு நெனச்சோம்" என்றார் அதிகாரி.

பிறக்காத பிள்ளைகளுக்கும் தண்ணீரில் பங்குண்டு என்று நீ அங்கே பேசியது பத்திரிகையில் வந்தபோது பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லிக்கு நான்தான் படித்துக்காட்டினேன். உன் படத்தை யாரோ தவறாகக் காட்டிவிட்டார்கள். அப்படித்தானே?

உன் அம்மா


ஜெனீவா
30.11.1988

அன்புள்ள அம்மா,

வணக்கம். குளிரில் கை விறைக்கிறது; சுருக்கமாக எழுதுகிறேன்.

சென்ற கோடையில் வந்தபோது எடுத்த படம்தான். கீழே இருந்த வரியும் நான் எழுதியதே. வீடில்லாத எத்தனையோ பேருக்குச் சிமெண்டு வேண்டும். ஒரு சிறு ஏரிக்காக அதை நிறுத்த முடியாது. அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டாம். என் பெயர் கெடும். பேசாமல் இங்கே வந்து என்னோடு இருந்துவிடுங்கள்.

அன்பு மகன்,
வேணுகோபால்


குன்னம்
14.12.1988

வேணுகோபாலுக்கு,

உன் கடிதத்தை இரண்டாம் முறை படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கோடையில் ஏரி வற்றியதும் ஊரே கூடி வண்டல் அள்ளி வயலுக்கு அடிக்கும் என்பது உனக்குத் தெரியாததல்ல. அந்த வண்டி மேல் உட்கார்ந்து போனவன் நீ. அதே ஏரியில்தான் நீந்தவும் கற்றாய். இன்று கரை வரை தண்ணீர் நிற்கிறது. தெரியாமல் எழுதியிருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

நேற்றைய கூட்டத்தில் பேசினேன். தமிழில் ஒருமுறை, வெளிநாட்டு அதிகாரி வந்திருந்ததால் ஆங்கிலத்திலும் ஒருமுறை. படம் கோடையில் எடுத்தது, எடுத்தவனுக்கு அது ஏரி என்று தெரியும் என்றேன். "எடுத்தவர் யாருங்கம்மா?" என்று பதிவுக்காகக் கேட்டார்கள். உன் முழுப் பெயரையும் சொன்னேன். கொளஞ்சி தலையைக் குனிந்துகொண்டார்.

நான் அங்கே வரவில்லை. அது பாசன ஏரி என்று உன் சபைக்கு எழுது. எழுதினாயா, இல்லையா என்று எனக்குக் கடிதத்தில் பதில் போடு.

சம்பூர்ணம்